கௌதம் நகரில் ஆறு மாதம்: எஃப்எம்ஜிஇ எழுதப் போகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

"அக்கா, 138."

எஃப்எம்ஜிஇ ரிசல்ட் வந்த அன்று ராத்திரி போனில் அந்தப் பெண் சொன்னது இவ்வளவுதான். வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் எழுதும் அந்தத் தேர்வில் தேற 300-க்கு 150 வேண்டும். அதற்குப் பிறகு அழுகை மட்டும் கேட்டது. தஞ்சாவூர்ப் பக்கம் ஊர். கிர்கிஸ்தானில் படித்து முடித்துவிட்டு, தில்லி எய்ம்ஸுக்குப் பின்னால் இருக்கும் கௌதம் நகரில் எட்டு மாதம் தங்கிப் படித்தவள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் லைப்ரரியில் உட்கார்ந்தவள். மறுநாள் போய் அவள் நோட்டுகளை வாங்கிப் பார்த்தேன். வீடியோ வகுப்பைப் பார்த்து எழுதிய நோட்டு பதினொன்று இருந்தது. தான் போட்ட கேள்விகளில் எது தப்பாயிற்று, ஏன் தப்பாயிற்று என்று எழுதிய பக்கம் ஒன்றுகூட இல்லை.

நானும் முதல் முறை 141-இல் நின்றவள்தான். இரண்டாம் முறை தேறி, இப்போது தில்லியிலேயே இன்டர்ன்ஷிப் செய்கிறேன். இரண்டு தேர்வுக்கும் நடுவே நான் படித்த நேரம் கூடவில்லை, படித்த விதம்தான் மாறியது. அந்த மாற்றத்தைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். அண்மை ஆண்டுகளில் இந்தத் தேர்வை எழுதியவர்களில் நாலைந்து பேருக்கு ஒருவர்தான் தேறியிருக்கிறார். மீதிப் பேர் மந்தமானவர்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர்களில் பலரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து படித்திருக்கிறேன்.

தேர்வு எப்படி இருக்கும்

வெளிநாட்டில் எம்பிபிஎஸ்ஸுக்கு இணையான பட்டம் வாங்கிய இந்தியர் இங்கே மருத்துவராகப் பதிவு செய்ய வேண்டுமானால் எஃப்எம்ஜிஇ தேற வேண்டும். நம் ஆட்கள் 'ஸ்கிரீனிங்' என்று சொல்வது இதைத்தான். 2002-இல் வந்த ஒழுங்குமுறையின்படி தேசியத் தேர்வு வாரியம் இதை நடத்துகிறது. வருடத்துக்கு இரண்டு முறை உண்டு. பெயர் ஜூன், டிசம்பர் என்றிருந்தாலும் அண்மையில் தேர்வு நடந்தது ஜூலையிலும் ஜனவரியிலும்தான். கணக்குப் போடும்போது அதை வைத்துப் போடுங்கள்.

ஒரே நாளில் 300 கேள்விகள். காலையில் 150, மதியத்துக்குப் பிறகு 150, ஒவ்வொன்றுக்கும் 150 நிமிடம். எல்லாம் ஆங்கிலத்தில், கணினியில். நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தப்புக்கு மார்க் குறைப்பு கிடையாது. 150 எடுத்தால் தேர்ச்சி, 149 எடுத்தால் இல்லை. ரேங்க் கிடையாது. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். ஒவ்வொரு பகுதியையும் 50 கேள்வி, 50 நிமிடம் என்று மூன்று துண்டாக்கியிருக்கிறார்கள். ஒரு துண்டின் நேரம் முடிந்துவிட்டால் அதற்குத் திரும்பிப் போக முடியாது. பழைய பழக்கத்தில் 'கடைசியில் வந்து பார்த்துக்கொள்ளலாம்' என்று கேள்விகளைத் தள்ளி வைத்தவர்களுக்கு இது பெரிய அடி.

இந்தத் தேர்வுக்குப் பதிலாக, இங்கே படித்தவர்களுக்கும் வெளிநாட்டில் படித்தவர்களுக்கும் பொதுவான நெக்ஸ்ட் என்ற தேர்வு வரும் என்று 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் சொல்கிறது. 2023 ஜூலையில் அது தள்ளிவைக்கப்பட்டது. வருமா, எப்போது வரும் என்று வாட்ஸ்அப் குழுவில் பேசியே மாதங்களைக் கரைத்தவர்கள் உண்டு. உங்களுக்கு அறிவிக்கப்பட்டிருக்கும் தேர்வு எதுவோ அதற்குப் படியுங்கள்.

150-க்கு ஒரு கணக்கு

எந்தப் பாடத்துக்கு எத்தனை கேள்வி என்பது வெளிப்படையாகவே கொடுக்கப்பட்டிருக்கிறது. மெடிசின் 33, சர்ஜரி 32, மகப்பேறு 30, நாம் பிஎஸ்எம் என்று சொல்லும் சமூக மருத்துவம் 30. இந்த நாலு மட்டுமே 125. குழந்தை மருத்துவம், கண், ஈஎன்டி தலா 15 சேர்த்தால் 170. பேத்தாலஜி, மைக்ரோபயாலஜி, ஃபார்மகாலஜி தலா 13 சேர்த்தால் 209.

இந்த 209-இல் 65 சதவீதம் சரியாகப் போட்டால் 136 வந்துவிடும். மீதி 91 கேள்வியில் அனாட்டமி, ஃபிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி தலா 17, ஃபோரன்சிக் 10. தோல், மனநலம், மயக்க மருந்து, எலும்பு, ரேடியாலஜி, ரேடியோதெரபி தலா 5. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே அதில் கால்வாசி, அதாவது 22, 23 வரும். கூட்டினால் 159.

இதை எழுதி மேசைக்கு மேலே ஒட்டுங்கள். முதல் முறை நான் அனாட்டமியில் தொடங்கி, கைநரம்பு கால்நரம்பு என்று நாற்பது நாள் செலவழித்தேன். முதலாண்டிலிருந்து வரிசையாகப் படிப்பதுதான் நியாயமாகத் தோன்றும். ஆனால் அந்த நாற்பது நாளில் பிஎஸ்எம் முழுவதையும் இரண்டு முறை முடித்திருக்கலாம்.

காகிதம்: படிப்புக்கு முன்னால் முடிக்க வேண்டியது

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் அலட்சியம் வேண்டாம். விண்ணப்பம் போடப் பட்டச் சான்றிதழில் அந்த நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தின் சான்றொப்பமோ, ஆவணம் உண்மையானது என்று அந்த நாட்டு அரசு தரும் அப்போஸ்டில் முத்திரையோ இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் இல்லாத ஆவணத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டும். ஊருக்கு விமானம் ஏறுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். திரும்பி வந்தபின் ஏஜென்ட் மூலம் முடிக்கப் பார்த்தால் பணமும் போகும், ஒரு அட்டெம்ப்டும் போகலாம். 2018-க்குப் பிறகு வெளிநாடு போனவர்களுக்கு நீட் மதிப்பெண் அட்டையும் தேவை.

2021 நவம்பர் 18-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு விதிகள் இன்னும் கடுமை. குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே கல்வி நிறுவனத்தில் 12 மாத இன்டர்ன்ஷிப், பயிற்று மொழி ஆங்கிலம், படித்த நாட்டிலேயே மருத்துவம் பார்க்க உரிமம், சேர்ந்த நாளிலிருந்து பத்து ஆண்டுக்குள் எல்லாம் முடிவது. உங்கள் தம்பியோ தங்கையோ இப்போது வெளிநாட்டுக் கல்லூரி தேடிக்கொண்டிருந்தால், இந்த வரியை அவர்களிடம் காட்டுங்கள்.

தில்லிக்கு வரத்தான் வேண்டுமா?

வராமலும் தேறலாம். சேலத்திலும் நாகர்கோவிலிலும் வீட்டிலிருந்தே ஆன்லைனில் படித்துத் தேறியவர்கள் இருக்கிறார்கள். தில்லியில் கிடைப்பது, உங்களைப் போலவே படிக்கும் ஆயிரம் பேர் நடுவே உட்காரும் சூழல். வீட்டில் 'எப்ப டாக்டர் ஆவ?' என்று கேட்கும் சொந்தக்காரர்களிடமிருந்து தூரமும் கிடைக்கும். அது சின்ன விஷயமில்லை.

வருவதாக இருந்தால் மூன்று எச்சரிக்கை.

முதலாவது மொழி. இங்குள்ள வகுப்புகள் பலவற்றில் பாதி ஹிந்தியில் போகும். நான் பணம் கட்டிச் சேர்ந்த ஒரு வகுப்பில், 'முழுக்க ஆங்கிலம்' என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். முக்கியமான விளக்கம் வரும் இடத்திலெல்லாம் ஆசிரியர் ஹிந்திக்குத் தாவினார். முன்வரிசை சிரிக்கும்போது எதற்கு என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். கட்டிய பணம் திரும்பவில்லை. இரண்டு வகுப்பாவது உட்கார்ந்து பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

இரண்டாவது இடம். கௌதம் நகர், யூசுஃப் சராய் சந்துகளில் லைப்ரரி என்ற பெயரில் வாடகைக்கு நாற்காலி கிடைக்கும். தரைக்குக் கீழே இருக்கும் லைப்ரரியில் உட்காராதீர்கள், அது எவ்வளவு மலிவாக இருந்தாலும். 2024 ஜூலையில் பழைய ராஜேந்திர நகரில் ஒரு பயிற்சி மையத்தின் கீழ்த்தள நூலகத்தில் மழைவெள்ளம் புகுந்து, ஐஏஎஸ் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மூன்று பேர் இறந்தார்கள். வெளியேற இரண்டு வழி இருக்கிறதா, ஜன்னல் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

மூன்றாவது உடம்பு. மே மாதம் 45 டிகிரி அடிக்கும். நவம்பரில் காற்று கெட்டுப்போய் இருமல் பிடித்தால் இரண்டு வாரம் போய்விடும். ஐஎன்ஏ மார்க்கெட்டில் நம்மூர் அரிசியும் தேங்காயும் கருவேப்பிலையும் கிடைக்கும். எய்ம்ஸிலிருந்து மெட்ரோவில் அடுத்த ஸ்டேஷன்தான். நாலு பேர் சேர்ந்து சமைத்தால் செலவும் குறையும், வயிறும் கெடாது. நாங்கள் முனிர்காவில் அப்படித்தான் இருந்தோம். ஞாயிறு சாயங்காலம் ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலுக்கு நடந்து போய்வருவோம். போகிற வழியில் பாடம் பேசக் கூடாது என்று ஒரு விதி வைத்திருந்தோம்.

தப்பு நோட்டு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள்.

முதல் வாரமே, எதுவும் படிக்காமல், ஒரு முழு 300 கேள்வி கிராண்ட் டெஸ்ட் எழுதுங்கள். 90 வரலாம், 110 வரலாம். பயப்பட வேண்டாம். உங்களுக்கு எது தெரியாது என்பதன் முதல் வரைபடம் அது. பிறகு ஒரு நீள நோட்டு எடுத்து, தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டே வரி எழுதுங்கள். விளக்கத்தைக் காப்பி அடிக்கக் கூடாது. பக்கத்தில் ஓரமாக ஒரு எழுத்து: 'தெ' என்றால் தெரியவே தெரியாது, 'கு' என்றால் இரண்டைக் குழப்பிக்கொண்டேன், 'அ' என்றால் தெரிந்தும் அவசரத்தில் விட்டேன்.

மூன்றுக்கும் மருந்து வேறு. 'தெ' வந்தால் அந்தத் தலைப்பைப் போய்ப் படிக்க வேண்டும். 'கு' வந்தால் இரண்டையும் எதிரெதிரே வைத்து எழுத வேண்டும், மறுபடி பாடம் கேட்பதால் அது தீராது. 'அ' வந்தால் படிப்பில் குறையில்லை, வாசிப்பில் குறை. கேள்வியின் கடைசி வரியை முதலில் படித்துவிட்டு மேலே போகப் பழக வேண்டும். என் முதல் தோல்விக்குப் பிறகு பழைய டெஸ்டுகளை எல்லாம் இப்படிப் பிரித்தேன். மூன்றில் ஒரு பங்கு 'கு'. அதை வீடியோ பார்த்துச் சரிசெய்ய ஒரு வருடமாக முயன்றிருக்கிறேன்.

ஒரு உதாரணம். பூச்சிமருந்து விஷத்தோடு வந்த விவசாயி: கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கியிருக்கிறது, வாயில் எச்சில் வழிகிறது, நாடி மெதுவாக இருக்கிறது. அட்ரோபின் கொடுக்கிறோம். எதைப் பார்த்து 'போதும்' என்று முடிவு செய்வது? நான் 'கண்மணி விரிவது' என்று போட்டேன். சரியான விடை நுரையீரலில் சளிச்சுரப்பு வற்றி நெஞ்சு தெளிவது. என் நோட்டில் இருந்த வரி: "அட்ரோபின் போதுமா? கண்ணைப் பார்க்காதே, நெஞ்சைக் கேள்." இதை மறக்கவே முடியாது. போன மாதம் கேஷுவால்டியில் அப்படி ஒருவர் வந்தபோது இந்த வரிதான் முதலில் நினைவுக்கு வந்தது.

நோட்டைத் தமிழில் எழுதலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக எழுதுங்கள். கலைச்சொல் ஆங்கிலத்தில் இருக்கட்டும், காரணத்தைத் தமிழில் எழுதுங்கள். வெளிநாட்டில் ஆறு வருடம் புரியாத மொழிகளுக்கு நடுவே படித்தவர்கள் நாம். என்னோடு இருந்த மூன்று பேருக்கும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தலைப்பைத் தமிழில் விளக்கிச் சொல்ல வேண்டும் என்று முறை வைத்துக்கொண்டோம். இதயத்தின் மேல் விழும் சுமையைச் சொல்லும் 'ப்ரீ-லோடு'ம் 'ஆஃப்டர்-லோடு'ம் எனக்கு உண்மையில் புரிந்தது, அறைத்தோழி 'மூட்டை ஏற்றுவது, மூட்டையோடு மேடு ஏறுவது' என்று சொன்ன அன்றைக்குத்தான்.

நமக்குச் சொல்லித்தராத இந்தியா

ரஷ்யாவிலோ ஜார்ஜியாவிலோ பிலிப்பைன்ஸிலோ மருத்துவம் மோசமாகச் சொல்லித்தருகிறார்கள் என்பதல்ல. அங்கே கட்டுவிரியன் கிடையாது. இந்தியத் தடுப்பூசி அட்டவணையை அவர்கள் எதற்குச் சொல்லித்தர வேண்டும்? நம் 'தெ' எல்லாம் இங்கேதான் குவிந்திருக்கும். இரண்டு மாதத்தில் அடைத்துவிடக்கூடிய பள்ளமும் இதுதான்.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன் இரண்டும் நரம்பைத் தாக்கும். நல்லபாம்பு கடித்த இடம் வீங்கி அழுகும், நியோஸ்டிக்மின் கொடுத்தால் பலன் தெரியும். கட்டுவிரியன் ராத்திரி தரையில் படுத்தவரைக் கடிக்கும். கடிவாய் தெரியாது, விடிகாலையில் வயிற்றுவலியோடு எழுவார், இமை தொங்கும், நியோஸ்டிக்மினால் பெரிய பலன் இராது. கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்றால் ரத்தம் உறையாது. ஒரு கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்துப் பார்க்கும் சோதனையை வரி விடாமல் தெரிந்துகொள்ளுங்கள். இந்த நாலுக்கும் சேர்த்துத்தான் நம் விஷமுறி மருந்து. அதைத் தயாரிக்கத் தேவையான நஞ்சை, 1978-இல் தொடங்கி நம் வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கிறது. இதையெல்லாம் நம் பாட்டிகளிடம் பாதி கேட்டிருப்போம். மஞ்சள் அரளி விதை நஞ்சும் அப்படித்தான்: துடிப்பு குறையும், ஹார்ட் பிளாக் வரும், பொட்டாசியம் ஏறும்.

தடுப்பூசி அட்டவணைக்கு ஒரு சுலப வழி சொல்கிறேன். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதன் அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிறந்தவுடன் பிசிஜி, போலியோ சொட்டு, ஹெபடைடிஸ் பி. 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட், போலியோ சொட்டு, ரோட்டா. ஊசி போலியோவும் நியூமோகாக்கலும் 6, 14 வாரங்களிலும் 9 மாதத்திலும். தட்டம்மை-ரூபெல்லா 9 மாதத்திலும் 16-லிருந்து 24 மாதத்துக்குள்ளும். என் அக்கா மகனின் அட்டையை வைத்துத்தான் இதை மனப்பாடம் செய்தேன். ஒவ்வொரு ஊசிக்கும் அவன் முகம் நினைவுக்கு வரும்.

காசநோய்க்கு இரண்டு மாதம் நாலு மருந்து, பிறகு நாலு மாதம் மூன்று மருந்து, பைரசினமைடு மட்டும் நிற்கும். நோயாளியின் ஊட்டச்சத்துக்கு மாதம் 500 ரூபாயாக இருந்த உதவி 2024 நவம்பரிலிருந்து 1000. மருத்துவக் கழிவுக்கு 2016 விதிகளின் நிறங்கள்: உடல் திசுவும் ரத்தம் படிந்த பஞ்சும் மஞ்சள், பிளாஸ்டிக் குழாயும் கையுறையும் சிவப்பு, ஊசி பிளேடு வெள்ளை, கண்ணாடியும் உலோக இம்ப்ளான்ட்டும் நீலம்.

ஃபோரன்சிக்கில் பழைய நோட்டை நம்பாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா. மருத்துவ அலட்சியத்தால் மரணம் 304ஏ பிரிவிலிருந்து 106-க்குப் போயிற்று, வரதட்சணை மரணம் 304பி-யிலிருந்து 80-க்கு. போலீஸ் பிணவிசாரணை பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-லிருந்து, அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-க்கு. சீனியர் கொடுத்த ஜெராக்ஸில் படித்து வந்தவர்கள் இங்கே சுலபமான மார்க்கை இழக்கிறார்கள்.

24 வாரம்

முதல் வாரம் டெஸ்ட். அடுத்த பத்து வாரம் பெரிய நாலு பாடம், ஒரு பெரிய பாடத்தோடு ஒரு சின்னதைச் சேர்த்து. மெடிசினோடு ஃபார்மகாலஜியும் சர்ஜரியோடு பேத்தாலஜியும் பிஎஸ்எம்மோடு மைக்ரோபயாலஜியும் ஒன்றுக்கொன்று உதவும். காலையில் பாடம் என்றால் அன்று சாயங்காலமே அதில் 50 கேள்வி, 50 நிமிடம் வைத்து. பாடம் முடியட்டும், பிறகு கேள்வி என்று தள்ளினால் அந்தப் 'பிறகு' வரவே வராது. அதற்கடுத்த ஐந்து வாரம் குழந்தை மருத்துவம், கண், ஈஎன்டி, ஃபோரன்சிக், ஐந்து ஐந்து கேள்விப் பாடங்கள். முதலாண்டு மூன்று பாடங்களுக்கு மூன்று வாரம் போதும், முந்தைய கேள்விகளை மட்டும் பிடித்துக்கொண்டு.

கடைசி ஐந்து வாரம் புதிதாக எதுவும் தொடாதீர்கள். வாரம் ஒரு கிராண்ட் டெஸ்ட், தேர்வு நடக்கும் அதே நேரத்தில். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்கும் நேரத்தில் இரண்டாவது 150. டெஸ்ட் ஒரு நாள் என்றால் அதன் தப்புகளைப் பார்க்க இரண்டு நாள். தொடர்ந்து மூன்று டெஸ்டில் 170-க்கு மேல் வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், 'எதற்கு இருக்கிறோம்' என்ற நினைப்பு வந்தால் அதைச் சோம்பல் என்று எண்ணி ஒதுக்காதீர்கள். 14416 டெலி-மானஸ் எண், இலவசம், தமிழில் பேசலாம். எங்கள் அறையில் ஒருத்தி பேசினாள். அவளும் தேறினாள்.

தேர்வு நாள்

ஜனவரித் தேர்வு என்றால் வடக்கே மூடுபனியில் ரயிலும் விமானமும் தாமதமாகும். முந்தின நாள் மதியமே அந்த ஊரில் இருங்கள். மையத்தை ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள். நகை, வாட்ச், போன் எதுவும் உள்ளே போகாது. ஒரு கேள்வியையும் காலியாக விடக் கூடாது. துண்டு முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது விடுபட்டதை எல்லாம் நிரப்புங்கள். இடைவேளையில் காலைப் பகுதி விடைகளைப் பேசும் கூட்டத்தை விட்டுத் தள்ளி நில்லுங்கள்.

'கேள்வித்தாள் இருக்கிறது' என்று டெலிகிராமில் வருகிறவர்களுக்குப் பதிலே சொல்லாதீர்கள். தேறாமலே போலிச் சான்றிதழில் பதிவு செய்தார்கள் என்று 70-க்கும் மேற்பட்டவர்கள் மீது 2022 டிசம்பரில் சிபிஐ வழக்குப் போட்டது.

தேறிய பிறகு

தேறியவுடன் நாம் மருத்துவர் ஆகிவிடுவதில்லை. மாநில மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு வாங்கி, அனுமதி பெற்ற மருத்துவமனையில் 12 மாத இன்டர்ன்ஷிப் முடிக்க வேண்டும். படிப்பில் ஒரு பகுதியை ஆன்லைனில் முடித்தவர்களுக்கு இது நீளலாம் என்பதால், விடுபட்ட காலத்தை நேரில் ஈடுசெய்ததற்கான கடிதத்தைப் பல்கலைக்கழகத்திலிருந்து முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கல்லூரிகளில் மொத்த இடங்களில் 7.5 சதவீதம் வரைதான் நமக்குக் கூடுதல் இன்டர்ன்ஷிப் இடம் என்று 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் வரையறுத்தது. அதனால் ரிசல்ட் வந்த வாரமே கவுன்சிலுக்கு விண்ணப்பம் போய்விட வேண்டும். ஊருக்குத் திரும்புவதா தில்லியில் இருப்பதா என்பதை அதற்கு முன்பே வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

அந்த இடைக்காலத்தில், சில சின்ன நர்சிங் ஹோம்கள் 'ராத்திரி டூட்டி மட்டும் பாருங்க' என்று கூப்பிடும். எனக்கும் வந்தது, பணம் தேவையாகவும் இருந்தது. பதிவில்லாமல் மருத்துவம் பார்த்தால் ஆணையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். வீட்டுக்குப் போன் செய்து இன்னும் நாலு மாதம் பணம் அனுப்பச் சொன்னேன். அப்பா ஏன் என்று கேட்கவில்லை.

அந்தத் தஞ்சாவூர்ப் பெண் மறுபடி எழுதுகிறாள். நேற்று அவள் அனுப்பிய போட்டோவில் ஒரு நீள நோட்டு, முதல் பக்கத்தில் 'கு' என்று ஏழு இடத்தில் வட்டம்.